செம்போத்தின் வலது கை

அழகாகத்தான் இருக்கிறாள், சனியன்.

சௌந்தரம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுபத்துமூன்று வயதுக்காரி, முன்பின் தெரியாத இளவட்டங்கள் பத்துப்பேர் சுற்றி நிற்கும்போது ஒரு காரைப் பார்த்து இப்படிச் சொன்னால், பெரியம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். "நல்லா இருக்குதுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

மனம் அடங்கவில்லை. எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இவளுக்கு மட்டும் வயது பின்னோக்கிப் போகுமா? அதே கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் மடித்த இறக்கை போல அதே செம்பழுப்பு, பின்னால் இரத்தச் சிவப்பில் அதே இரண்டு கண்கள். முன்பாவது தகரத்தைத் தட்டி நிமிர்த்திய தழும்புகள் தெரியும். இப்போது அதுவும் இல்லை.

செம்போத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்பார்கள். அந்தப் பறவையின் பெயரைத்தான் கந்தவேல் தன் பந்தயக் காருக்கு வைத்தார். பீளமேட்டில் அவருக்குப் பம்ப் வார்க்கும் பட்டறை இருந்தது. பகலில் பம்ப், பொழுது சாய்ந்தால் வண்டி. கல்யாணமாகி மூன்றாம் வருசம் அந்த இரண்டு இருக்கைத் திறந்த வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்தது. அடுத்த ஆறு வருசம் தென்னிந்தியாவில் பதினேழாம் எண்ணைப் பார்த்தால் மற்ற ஓட்டுநர்கள் முகம் சுருங்கும் என்பார்கள். சௌந்தரத்தின் முகமும் சுருங்கத்தான் செய்தது. அந்த வண்டியைத் துடைக்க அவர் கிழித்த முதல் துணி அவளுடைய தலைத்தீபாவளிச் சுங்குடிச் சேலை. "நூல் சேலை மாதிரி எதுவும் துடைக்காது சௌந்தரம்" என்று விளக்கம் வேறு சொன்னார். ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்டபோது, "உனக்கெதுக்கு? நானிருக்கறனே" என்றார்.

அவர் போய் ஆறு வருசம். கொட்டகையில் கிடந்த வண்டியைக் கேட்டுக் கொடிவேரி மோட்டார்ஸ்காரர்கள் போன வருசம் வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. "எடுத்துட்டுப் போங்க, எடம் ஒழியட்டும்" என்றாள். சக்களத்தியை வண்டியேற்றி அனுப்பிய நிம்மதியில் அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள். இப்போது பாருங்கள், பத்து மடங்கு மினுக்கிக்கொண்டு திரும்பி வந்து நிற்கிறாள்.

"ஐயா வண்டியைப் பாத்து, இதே மாதிரி மொத்தம் பதினேழு வண்டிதாம்மா செய்யறோம்" என்றான் நிகிலன். கொடிவேரியின் தலைமைப் பொறியாளன் அவன். முப்பத்தைந்து வயதிருக்கும், நேற்றுத்தான் மீசை முளைத்தவன்போல இருந்தான். சூலூரைத் தாண்டி, அவர்களுடைய சோதனைத் தடத்துக்கு அவளை வரவழைத்தவன் அவன்தான். "ஐயாவோட பந்தய எண்ணு பதினேழு இல்லீங்களா? வாங்கறவங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. வேகம் இருக்கற வண்டி அவங்ககிட்ட ஏற்கெனவே நாலஞ்சு இருக்கும். இதுல வேற ஒண்ணு இருக்குது. அதைச் சொல்ல வேண்டாம், நீங்களே உக்காந்து பாருங்க."

"நானா? நான் என்ற சின்ன வண்டியையே நாப்பதுல ஓட்டறவ."

"நீங்க ஓட்ட வேண்டாமுங்க. அதுவாப் போகும். ஸ்டியரிங்ல கையை மட்டும் வெச்சுக்கோங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். அது அவரு கைதானான்னு."

"எவரு கை?"

நிகிலன் சிரித்தான். "உக்காருங்கம்மா."

ஆள் படுப்பது போல் அமைந்த இருக்கையில் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக அவளை இறக்கி உட்காரவைத்தார்கள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றினாள். அப்போது அதன் இடப்பக்கத்திலிருந்து மெல்லிய தோல்போல ஒன்று எழுந்து அவள் இடது புறங்கையை மூடியது. இளஞ்சூடாக இருந்தது. அழுத்தியது.

சௌந்தரம் குனிந்து அதைப் பார்த்தாள்.

உள்ளங்கை அடியில் காய்ப்பு. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் படாமல் சற்றுத் தூக்கியிருந்தது. பட்டறையில் அச்சுப்பெட்டி விழுந்து வளைந்த விரல் அது. எரித்துச் சாம்பலாக்கி, பேரூரில் நொய்யலாற்றில் அவள் கண்முன்னால் கரைத்த கை.

தடம் வலப்பக்கம் திரும்பியபோது அந்தக் கை அவள் கையை மெல்ல மேலே தள்ளியது. இடப்பக்கம் திரும்பியபோது கீழே இழுத்தது. அவசரமில்லை, தயக்கமில்லை. ஊசி வளைவு ஒன்று வந்தது. அதற்குச் சற்று முன்னால் பெருவிரல் அவள் விரல் முட்டியின் மேல் இரண்டு தடவை தட்டியது. டக், டக். பிறகு முழுக் கையும் இறுகி வளைவுக்குள் அவளைக் கொண்டுபோயிற்று. கடைசி நேர்ப்பாதை வந்ததும் கை எழுந்து போய்விட்டது. சொல்லாமல் கொள்ளாமல்.

வண்டி நின்றது. சௌந்தரம் இறங்கவில்லை. அவளுக்கு அழுகை வரும் என்று சுற்றி நின்றவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு பெண் டிஷ்யூ பெட்டியோடு நின்றாள். சௌந்தரமோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இது வலது கை.

நாற்பத்திரண்டு வருசக் குடித்தனத்தில், வண்டியில் ஏறினால் அவர் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். அவளுக்குப் பக்கத்தில் இருந்தது எப்போதும் அவருடைய இடது கை; அதுவும் கியரோடு குடும்பம் நடத்திய கை. வலது கை அவள் பக்கம் வந்ததே இல்லை. வலது கை வரவேண்டுமானால் அவர் இடப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். வலப்பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவள் வேறொருத்தியாக இருக்க வேண்டும்.

"தம்பி, இதை யாருகிட்ட இருந்து எடுத்தீங்க?"

நிகிலன் டிஷ்யூ பெட்டியை வாங்கிப் பின்னால் கொடுத்துவிட்டு அவளருகில் குந்தி உட்கார்ந்தான். "ஒருத்தர் கை உங்க கை மேல ரொம்ப நாள் இருந்திருந்தா, உங்க நரம்புக்கு அது மனப்பாடம் ஆயிருமுங்கம்மா. எங்க அழுத்துச்சு, எவ்வளவு அழுத்துச்சு, எப்ப விட்டுச்சுன்னு. நாம மறந்தாலும் அது மறக்காது. தொடுதடம்னு சொல்றோம். அதைப் படிச்சு, இல்லாத கையைத் திருப்பிச் செய்யறோம்."

"அச்சு மண்ணு மாதிரி."

"என்னங்கம்மா?"

"பட்டறைல மண்ணுல அச்சு எடுத்து இரும்பை ஊத்துவாங்கல்ல. பொருளே இல்லீன்னாலும் மண்ணுல அதோட பள்ளம் இருக்கும்."

"அதேதாங்க! நான் இத்தனை நாளா இதை விளக்கத் திண்டாடிட்டு இருந்தேன்."

"அச்சை உடைச்சாத்தானே தம்பி வார்ப்பு வெளிய வரும்?"

நிகிலன் ஒரு கணம் தடுமாறிவிட்டுச் சிரித்தான். "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. லேசா மங்கும், அவ்வளவுதான்."

"யாருகிட்ட இருந்துன்னு கேட்டேன்."

"தமயந்தி மேடம். குன்னூர்ல இருக்காங்க. ஐயாகிட்ட ரெண்டு வருசம் பந்தயம் கத்துக்கிட்டவங்க."

தெரியும். குட்டை முடியும் கால்சட்டையுமாகப் பட்டறை வாசலில் வந்து நின்று, "சார் இருக்காங்களா?" என்று கேட்ட இருபத்தொரு வயதுக் குரல் இன்னும் காதில் இருந்தது. அந்த ஞாபகத்தை மங்கவைக்க எந்த இயந்திரமும் வரவில்லை. அவர் சாவுக்கும் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

"அந்த ரெண்டு தட்டு கவனிச்சீங்களாம்மா?" நிகிலனின் முகம் மலர்ந்தது. "செல்லத்தட்டுன்னு பேரு வெச்சிருக்கோம். எங்க மெஷின் அழுத்தத்தை வெச்சு அது என்ன உணர்ச்சின்னே சொல்லிரும். இந்தத் தட்டுல எழுபத்தெட்டு சதவீதம் பாசமுங்க!"

சௌந்தரத்துக்கு முதலில் சுரீரென்றது. எழுபத்தெட்டு. பிறகு சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். அட பைத்தியக்காரப் பிள்ளைகளா! அந்த மனிதர் தட்டாதது எது? வார்த்து எடுத்த ஒவ்வொரு பம்ப் உடலையும் பெருவிரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். கணீரென்றால் நல்ல வார்ப்பு. சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். அந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. சந்தையில் தேங்காய், வீட்டில் தண்ணீர்ப் பானை, பெண் பார்க்கப் போன வீட்டுத் தூண் எல்லாம் அவரிடம் தட்டு வாங்கின. ஆபத்தான வளைவுக்குமுன் ஓட்டுகிற பெண்ணின் கையைத் தட்டிப் பார்த்திருக்கிறார், தாங்குவாளா உடைவாளா என்று. இதற்கு எழுபத்தெட்டு சதவீதமாம்.

சொல்லவில்லை. வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு குறைதாம்மா" என்றான் நிகிலன். "கடைசி நேர்ப்பாதைல கை போயிருது. தமயந்தி மேடத்துக்கு அதுக்கு மேல தெரியாது. வளைவு முடிஞ்சா ஐயா கையை எடுத்துருவாராம். ஓட்டிப் பாத்தவங்க எல்லாரும், யாரோ கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி இருக்குதுங்கறாங்க. அதுக்கப்புறம் அந்தக் கை எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க உலகத்துலயே ஒருத்தர்தான்." குரலைத் தாழ்த்தினான். "உங்க தடம் மட்டும் கிடைச்சா, அவங்களோடதை வண்டில இருந்து முழுசாவே எடுத்துரலாமுங்க. மனைவியோட நினைவுல இருந்து வந்த கைன்னா அதுக்கு மரியாதையே வேற. உங்களுக்குத் தொண்ணூறுக்குக் கீழ வராது."

அவளைத் தூக்கி எறியலாம். நாற்பத்து நாலு வருசமாகப் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருக்கும் அந்தக் குட்டை முடிக்காரியை ஒரே கையெழுத்தில் துடைத்துவிடலாம். கடவுள் இப்படி வரம் கொடுக்க இத்தனை தாமதம் செய்திருக்க வேண்டாம்.

"எப்ப வரோணும்?" என்றாள் சௌந்தரம்.

*

நிகிலன் வரச்சொன்ன வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் அவள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்னிடம் அந்த வலது கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தது. ஆனால் நிகிலன் நினைக்கிற கை அல்ல.

கடைசிப் பதினொரு மாதம் கந்தவேலுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. சிட்னியிலிருந்து மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவரும் அவளும்தான். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் அந்த வலது கையைத் தன் இடது கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கி நீட்ட வேண்டும். டாக்டர் சொன்ன பயிற்சி. ஈரத் துணிபோல் கிடக்கும். காய்ப்பு மட்டும் உயிரோடிருப்பதுபோல் உறுத்தும். ஒரு நாள் விரல்களை மடக்கிக்கொண்டே, "நல்லா இருந்த காலத்துல ஊர்க்காரங்களுக்கெல்லாம் இருந்த கை, இப்பத்தான் எனக்கு ஒழிஞ்சுதாக்கும்" என்று சொல்லியும்விட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படிச் சொன்னதற்காக அவள் பல நாள் தூங்கவில்லை.

சாவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு மாலைப் பயிற்சியின் நடுவில், அந்தப் பெருவிரல் அவள் மணிக்கட்டில் தட்டியது. இரண்டு தடவை. டக், டக்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்வை என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நீ தாங்குவாயா என்று தட்டினாரா? உள்ளே எங்கே விரிசல் என்று பார்த்தாரா? அவள் சொன்ன சொல்லுக்குப் பதிலா? இல்லை, வெறும் நரம்புத் துடிப்புத்தானா? அடுத்த நாளிலிருந்து அந்தக் கை பழையபடி கிடந்தது.

அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. நாற்பத்திரண்டு வருசத்துக்கு இரண்டு தட்டு. அந்த மணிக்கட்டில் அன்றிலிருந்து அவள் வளையல் போடுவதில்லை. காரணம் யாருக்கும் தெரியாது.

ஆனால் இந்த நாலு நாளும் அந்தத் தட்டை அவள் வேறு விதமாகத் தடவிப் பார்த்தாள். எத்தனை சதவீதம் வரும்? எழுபத்தொன்பது வந்தாலே போதும். ஒரு சதவீதம்தான் கூட என்றாலும் கூடக்கூடத்தானே! இப்படி நினைத்துவிட்டு, புளி கரைத்துக்கொண்டிருந்த கையை உதறினாள். சீ, என்ன மனசு இது. உதறிவிட்டு மறுபடியும் நினைத்தாள். எண்பது வந்தால்?

*

வெள்ளிக்கிழமை காலை அவளே வண்டியோட்டிக்கொண்டு போனாள். அவர் போன அடுத்த வருசம், அறுபத்தெட்டு வயதில், டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டது. சொல்லிக்கொடுத்தவன் தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு மொபைலைப் பார்த்தபடியே வருவான். பதினெட்டு நாளில் ஒரு தடவைகூட அவள் கையைத் தொட்டதில்லை. அதுவும் நல்லதுதான்; இந்தக் கைக்கு ஓட்டத் தெரிந்தது முழுக்க இதன் சொந்தச் சம்பாத்தியம்.

கொடிவேரியின் காத்திருப்பு அறையில் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நரைத்த குட்டை முடி. பருத்திச் சட்டை. சௌந்தரம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்தப் பெண் எழுந்தாள். "அக்கா."

அக்காவாம். "உக்காரு தமயந்தி" என்றாள் சௌந்தரம். வேறென்ன சொல்வது?

ஒரு பையன் கொண்டுவந்து வைத்த தேநீரை இருவரும் கையில் எடுத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்கள்.

"நீங்க கொடுக்கப் போறீங்கன்னு சொன்னாங்க" என்றாள் தமயந்தி.

"ம்."

"உங்களோடது வந்துட்டா என்னோடதை எடுத்துருவாங்களாம்."

"அப்படித்தான் சொன்னாங்க."

"நியாயம்தான்." தமயந்தி தேநீரைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. மாசம் ஒரு ரவுண்டு எனக்குத் தரணும்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கியிருக்கேன். அதுக்குத்தான் மலையிறங்கி பஸ் பிடிச்சு வரேன். இன்னைக்குக் கடைசியா இருக்கும்போல."

"அத்தனை ஆசையாக்கும் அந்த வண்டி மேல!" வாய் முந்திக்கொண்டது. குரலில் இருந்த விஷம் சௌந்தரத்துக்கே கேட்டது.

தமயந்தி கோபப்படவில்லை. தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ போல. "வண்டியை யாருக்கா கேட்டா? எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. படிச்சு எடுத்துட்டாங்க. லேசா மங்கும்னாங்க. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலைல எந்திரிச்சா... எப்படிச் சொல்றது. சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்னு தெரியும். வருசம் தெரியும், இடம் தெரியும், என்ன சட்டை போட்டிருந்தார்னு தெரியும். கைதான் தெரியல. யாரோ சொன்ன கதை மாதிரி இருக்கு."

சௌந்தரத்தின் பார்வை அந்தக் கையில் நின்றது.

"நான் குன்னூர்ல பொண்ணுங்களுக்கு வண்டி சொல்லிக்கொடுத்துட்டு இருந்தேன்ல, முப்பது வருசம்? அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான், கை மேல கை வெச்சு. இப்போ ஒரு பொண்ணோட கை மேல கை வெச்சா எப்ப அழுத்தணும், எப்ப விடணும்னு எனக்குத் தெரியல. ஒருத்தி பயந்துபோய் மரத்துல கொண்டுபோய் விட்டுட்டா. நல்லவேளை, அடியில்ல. ஸ்கூலை மூடிட்டேன்." சிரிக்கப் பார்த்தாள். "அந்த வண்டில உக்காந்தா மட்டும் வருது. இறங்கினா போயிடுது. என் வீட்டு நகையை அடுத்தவ கழுத்துல பாக்கற மாதிரி."

உடைத்த அச்சு மண். பட்டறையில் வார்ப்பை எடுத்தபின் அதை மூலையில் குவித்துவைப்பார்கள். சௌந்தரத்துக்கு அந்தக் குவியல் கண்ணில் தெரிந்தது. அவள் எதிர்பார்த்த இடத்தில் சந்தோசம் வந்தது. வந்ததை அவள் மறைக்கவில்லை, தன்னிடமிருந்தே. நன்றாக வேண்டும். அடுத்த மூச்சில் அது கசந்துபோயிற்று. இத்தனை வருசம் எதை நினைத்துப் பொருமினாளோ அது இந்தப் பெண்ணிடம் இல்லவே இல்லை. இனி யாரைப் பார்த்துப் பொருமுவது?

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்த ரெண்டு தட்டு. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் சார்கிட்ட கேட்டதே இல்ல. கேட்டா நின்னு போயிடுமோன்னு பயம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." தமயந்தி அவள் முகத்தையே பார்த்தாள். அறுபத்தைந்து வயது முகத்தில் இருபத்தொரு வயதுக் கண். "உங்களுக்கும் தட்டுவாரா?"

தேங்காயைத் தட்டுவார் தமயந்தி. பானையைத் தட்டுவார். விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். இத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் போதும், எழுபத்தெட்டும் பூஜ்யமாகிவிடும். மிச்சமிருக்கிற மண்ணும் காற்றில் போய்விடும். நாற்பத்து நாலு வருசத்தில் இதைவிடக் கூரான கத்தி அவள் கையில் கிடைத்ததில்லை.

சௌந்தரம் தேநீரை ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

"என்ற கிட்ட அவரு அதையெல்லாம் சொன்னதில்ல கண்ணு" என்றாள்.

நல்ல மனசால் அல்ல. அவளுக்கே அது தெரியும். தமயந்தியின் தட்டுக்கு விரிசல் என்று பொருள் சொல்லிவிட்டால், என் மணிக்கட்டுத் தட்டுக்கு மட்டும் வேறு பொருள் எங்கிருந்து வரும்?

கண்ணாடிக் கதவு திறந்தது. "அம்மா, ரெடிங்களா?" என்றான் நிகிலன்.

*

சின்ன அறை. சாய்ந்த நாற்காலி. அதன் இடது கைப்பிடியில், வாய் திறந்த ஒரு கையுறை பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே நூலிழைபோல் ஆயிரம் முனைகள் மின்னின. பக்கத்தில் ஒரு திரை.

"ரொம்ப சுலபமுங்க. கையை உள்ள வெச்சுட்டு, ஐயா கை உங்க கை மேல இருந்த ஏதாவது ஒரு நேரத்தை நெனைச்சுக்கோங்க. முதல்ல எது வருதோ அது. அங்கிருந்து மெஷின் நூலைப் புடிச்சு மத்ததையெல்லாம் எடுத்துக்கும்."

"திரைல என்ன வரும்?"

"என்ன உணர்ச்சின்னு வருமுங்க. பாசம், பயம், கோவம், சந்தேகம்... எல்லாம் சதவீதத்துல. உடனே தெரிஞ்சிரும்."

உடனே தெரிந்துவிடும். அவள் ஆறு வருசமாக ஒவ்வொரு நாளும் புரட்டிப் புரட்டிப் பார்த்தது, ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி என்று அவளோடு சமைத்து, அவளோடு கோயிலுக்கு வந்து, அவளோடு படுத்துக்கொண்டது, ஒரு கணத்தில் எண்ணாகிவிடும். அந்த எண் என்னவாக இருந்தாலும் அதற்குப் பிறகு மணிக்கட்டில் ஒன்றும் இருக்காது. பதினேழு பெரிய மனிதர்கள், கடைசி நேர்ப்பாதையில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நல்லா இருக்குல்ல என்பார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் தடத்தில் செம்போத்து ஓடுவது தெரிந்தது. உள்ளே நரைத்த தலை ஒன்று. ஊசி வளைவை நெருங்கும்போது அந்தத் தலை இலேசாகச் சாய்ந்தது, ஏதோ சத்தத்தைக் கேட்கிறாற்போல. அவளுக்கு அது வந்துகொண்டிருக்கும் இப்போது. டக், டக்.

வாங்கிக்கொள், போ.

நினைத்ததும் வயிற்றில் பழைய தீ குபுக்கென்று எழுந்தது. அணையவில்லை. இத்தனைக்குப் பிறகும் அணையவில்லை என்பதில் அவளுக்கே ஆச்சரியம். ஆனால் அது அவளுடைய தீ. அவளிடம் அவரைப்பற்றி இருந்தவற்றில் அது பெரும்பங்கு. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கையுறை நூல் பிடித்து இழுக்கும்.

சௌந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்து, பைக்குள் துழாவினாள்.

"என்னங்கம்மா, தண்ணி வேணுங்களா?"

"இல்லீங்க. நான் கெளம்பறேன்."

நிகிலனுக்குப் புரியவில்லை. "பயப்படாதீங்கம்மா, வலிக்கவே வலிக்காது. பதினஞ்சு நிமிசம். ஒரே ஒரு ஞாபகம் போதும். அப்புறம் அந்த மேடத்தோடது ஒண்ணுகூட வண்டில இருக்காது, நான் உறுதி சொல்றேன்."

"அது இருக்கட்டும் தம்பி. பாவம், மாசம் ஒருக்கா வருது."

"சரிங்க, இருக்கட்டும். உங்களோடதையும் ஒட்டுக்கா சேத்துக்கலாம். நீங்க ஒண்ணும் நெனைக்கக்கூட வேண்டாம்." அவன் கையுறையை அவள் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். "கையை மட்டும் கொடுங்கம்மா. இடது கை. அவ்வளவுதான்."

பைக்குள் சாவி அகப்பட்டது. அவள் அதை இடது கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்தாள்.

"இந்தக் கை எனக்கு வேணுமுங்க தம்பி" என்றாள் சௌந்தரம். "என்ற வண்டி கியர் வண்டி."